இரண்டாவது தடவை சொல்லவில்லை

ஜூன் 10, 2025, செவ்வாய்

இ-சிகரெட்டில் மூன்றாவது காயிலும் கருகிவிட்டது. மதியம் லேப் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று ஒரு இழுப்புதான் இழுத்தேன், தொண்டையில் துணி எரிந்த வாசம்.

ஏப்ரலில் தம்பி ஜெனோ கப்பல் வேலையிலிருந்து லீவில் வந்தபோது கொடுத்துவிட்டுப் போன இ-சிகரெட். பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் பிடித்த பழக்கம் கல்யாணத்தோடு போயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு வருடமாக மறுபடியும், நாளைக்கு இரண்டு சிகரெட். இது என் தம்பி ஒருவனுக்குத்தான் தெரியும். "இதுக்கு மாறிரு அக்கா, வாசம் நிக்காது" என்றான்.

லிக்விடைப் புகையாக்கும் கம்பிச்சுருள்தான் காயில். ஐந்து தந்தான், மீதி இரண்டு. தென்காசியில் எந்தக் கடையில் போய்க் கேட்பது? நாட்டிலேயே விற்கக் கூடாத சாமான். அவன் அடுத்து வருவது டிசம்பரில்.

தப்பு என்னுடையதுதான். புதுக் காயிலை மாட்டினால் உள்ளே இருக்கும் பஞ்சு லிக்விடில் ஊற நேரம் கொடுக்க வேண்டும். நான் கொடுப்பதில்லை. யாராவது மாடிக்கு வந்துவிடுவார்களோ என்று ஐந்தாறு இழுப்பைச் சேர்த்து இழுக்கிறேன். பஞ்சு காய்ந்து கருகுகிறது. ஒரு சொட்டு ரத்தம் வீணாக்காமல் வேலை பார்க்கிற லேப் டெக்னீஷியன் நான்.

உதட்டு வீக்கம் வடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் ஜெஸ்வின் அடித்தது. குழம்பில் உப்பு அதிகம் என்றார். காரணம் உப்பு இல்லை. குற்றாலத்தில் சாரல் சீசன் ஆரம்பித்தும் அவர் குத்தகைக்கு எடுத்த ஐந்தருவி லாட்ஜில் பாதி அறை காலி. அதுதான்.

ஜூன் 12

கருகிய காயில் ஒன்றை வெந்நீரில் அலசி, ஊதி, ஒரு நாள் முழுக்கக் காயவைத்தேன். லிக்விட் ஊற்றும் டேங்கின் அடியில் பிசுபிசுப்பு. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்ததும் போய்விட்டது. இது எனக்கு வரும் வேலைதான்.

ஜூன் 16, திங்கள்

தலையில் மூன்று தையல்.

நேற்று கோயில் முடிந்து வந்ததும் நடந்தது. சென்னையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று அறையில் மூட்டைப்பூச்சி என்று சண்டை போட்டுக் காலி செய்துவிட்டது. அதை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மெத்தையை வெயிலில் போடச் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். கையில் லாட்ஜ் சாவிக்கொத்து இருந்தது, பன்னிரண்டு சாவி, ஒவ்வொன்றிலும் பித்தளை வில்லை. அதோடு ஓங்கி அடித்தார். ரத்தம் கண்ணில் இறங்கும்வரை அடிபட்டதே தெரியவில்லை. கீழே விழுந்த பிறகு இடுப்பில் இரண்டு மிதி. உள்ளே மகள் ஷாரோன் டிவி சத்தத்தைக் கூட்டினாள். எட்டு வயசு. அப்பா குரல் ஏறினால் அவள் ரிமோட்டை எடுப்பாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சாயங்காலம் மங்குஸ்தான் வாங்கி வந்தார். ஒவ்வொன்றாக உடைத்து என் தட்டில் வைத்தார். தின்றேன்.

பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக லேபில் சொன்னேன். என்னோடு வேலை செய்யும் ஷமீம் பானு காயத்தில் பதிந்திருந்த சாவித் தடத்தைப் பார்த்தாள். "ஒங்க வீட்டு பாத்ரூம்ல சாவி தொங்குதோ மலரு?" என்றாள். பக்கத்துக் கிளினிக்கில் தையல் போட்டபோதும் அவள்தான் கூட நின்றாள்.

மாடிக்குப் போகவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஜெனோ ஆறு நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறான். குறித்து வைக்கிறேன். புதுக் காயில் மாட்டினால் பஞ்சின் மேல் நேராக இரண்டு சொட்டு விட்டு, டேங்கை நிரப்பிப் பத்து நிமிடம் சும்மா வைக்க வேண்டும். சூட்டைக் குறைத்தே வைக்க வேண்டும். ஒரு இழுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நிமிடமாவது விட வேண்டும். இனிப்பு லிக்விட் கூடாது, சர்க்கரைப் பாகு மாதிரி காயிலில் ஒட்டும். டேங்கைக் காலியாக விடக் கூடாது.

பேட்டரியைப் பற்றிச் சொன்னபோது குரல் மாறியது. என்னிடம் இரண்டு இருக்கிறது, மாற்றி மாற்றிப் போட. ஒன்றின் மேலுறை ஓரத்தில் கிழிந்திருப்பதாகப் படம் அனுப்பியிருந்தேன். "அத இன்னைக்கே தூக்கிப் போட்டுரு அக்கா. எந்த பேட்டரியயும் சாவி, சில்லறை கூட வைக்காத. இரும்பு உரசிச்சுன்னா நெருப்பு பிடிச்சிரும். எங்க கப்பல்ல ஒருத்தனுக்குத் தொடை வெந்து போச்சு."

கடைசியில், அத்தான் எப்படி இருக்கார் என்று கேட்டிருந்தான். நல்லா இருக்கார் என்று அனுப்பினேன்.

தூக்கிப் போட மனசு வரவில்லை. இங்கே வேறு கிடைக்காதே. கிழிசல் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றினேன். யூரின் சாம்பிளுக்கு வைத்திருக்கும் புது டப்பா ஒன்றில் போட்டு மூடினேன். அளவாக உட்கார்ந்தது.

ஜூன் 27

பன்னிரண்டு நாள்! வெந்நீரில் அலசிய அதே பழைய காயில். இன்னும் வாசம் மாறவில்லை. ஜெனோ நம்பவே மாட்டேன் என்கிறான்.

ஒரு சாமானைக் கெடாமல் வைத்துக்கொண்டதற்கு இவ்வளவு சந்தோஷமா? வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 3, வியாழன்

ஷாரோனை அடித்தார். முதல் தடவை.

என் முடியைப் பிடித்துச் சமையல்கட்டிலிருந்து இழுத்து வந்தார். அவள் டிவியை விட்டுவிட்டு ஓடி வந்து அவர் கையைக் கடித்தாள். உதறிய உதறலில் கட்டில் காலில் போய் விழுந்தாள். முன்பல் ஒன்று போயிற்று, எப்படியும் விழ வேண்டிய பால்பல்தான். அதைச் சொல்லித்தான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறேன். எப்படியும் விழ வேண்டிய பல்லாம்! எனக்குப் புத்தி என்ன ஆயிற்று?

வீரகேரளம்புதூரில் இருக்கும் அப்பாவுக்குப் போன் போட்டேன். சீசன் முடியட்டும், மாப்பிள்ளைக்கு லாட்ஜ் டென்ஷன் என்றார்.

ஜூலை 10, வியாழன்

திருநெல்வேலி. பெரியாஸ்பத்திரி வராண்டா பெஞ்சு. நோட்டு லேப் டிராயரில் இருக்கிறது. லேப் ஃபாரத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். இல்லாவிட்டால் நானே மாற்றிவிடுவேன்.

நேற்று சாயங்காலம் ஐந்தரை. மேலகரம் வீடு. போன் சார்ஜர் தேடி என் பையைக் கொட்டினார். இ-சிகரெட் விழுந்தது, சாம்பிள் டப்பாவும் விழுந்தது. என்னதென்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. லாட்ஜுக்கு வரும் பையன்கள் கையில் பார்த்திருப்பார் போல. "ஏட்டி, இது ஒனக்கா?" என்றார். நான் ஆமாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? ஜெனோவுடையது என்றிருக்கலாம். அலுத்துப் போயிற்று.

முதலில் கன்னத்தில். பிறகு கழுத்தைப் பிடித்துச் சுவரில் மூன்று முறை மோதினார். தையல் பிரிந்தது. இ-சிகரெட்டைத் தரையில் போட்டு மிதித்தார். டேங்க் கண்ணாடி நொறுங்கியது. கண்ணாடித் தூளில் என் கையை வைத்து அதன் மேலும் மிதித்தார். நான் கத்தவில்லை, ஷாரோன் டியூஷன் முடிந்து வரும் நேரம்.

பிறகு டப்பாவைத் திறந்தார். பேட்டரியை எடுத்துப் பார்த்தார். நான் சுற்றியிருந்த டேப் பாதி உரிந்திருந்தது. "இத இப்பமே கொண்டு போயி ஒங்கப்பன்ட்ட காட்டுதேன். மக லெச்சணத்தப் பாக்கட்டும்" என்று பேண்ட் பாக்கெட்டில் போட்டார். சாவிக்கொத்து இருக்கும் அதே பாக்கெட்.

"அத சாவி கூட—" என்றேன்.

வாயில் அடி. "இன்னொரு வார்த்த பேசுன, பல்லு இருக்காது."

செருப்பை மாட்டினார். படி இறங்கினார். பைக்கை வெளியே தள்ளி ஸ்டார்ட் செய்தார். நான் ஜன்னலில்தான் நின்றேன். ஜன்னல் திறந்திருந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

எனக்குத் தெரியும். தெரிந்தே பேசாமல் நின்றேன்.

குற்றாலம் ரோட்டில் பைக் ஓடும்போதே பேட்டரி பாக்கெட்டில் தீப்பிடித்து எரிந்திருக்கிறது. அணைக்கப் போன கையும் வெந்தது. பைக்கோடு விழுந்து நடுரோட்டில் உருண்டாராம். டீக்கடைக்காரர் சாக்கை நனைத்து மேலே போட்டிருக்கிறார்.

ஜூலை 11

ஜெஸ்வினுக்கு வலது தொடையில் சதை தெரிகிறது. கட்டுப் பிரிக்கும்போது வார்டு முழுக்கக் கேட்கும்படி அலறுகிறான். என் கையைக் கேட்டான், கொடுத்தேன். அவன் பிடித்தது கண்ணாடி குத்திய கை.

ஜூலை 13, ஞாயிறு

அவன் அம்மா வராண்டாவில் வைத்து என்னை அறைந்தார். "எம் புள்ளய எரிச்சிட்டியேட்டி" என்றார். சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள்.

மதியம் அத்தை சாப்பிடப் போன நேரம், கண்ணைத் திறக்காமலே ஜெஸ்வின் கேட்டான்.

"அன்னைக்கி என்ன சொல்ல வந்த?"

"சாவி கூட போடாதீங்கன்னு."

"தீப்பிடிக்கும்னு தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னேன். அடிச்சிய."

அப்போதுதான் கண்ணைத் திறந்தான். பிறகு, "பைக்க எடுக்கும்போது ஜன்னல்ல நின்னியே" என்றான். பார்த்திருக்கிறான்.

"ரெண்டாவது தடவ சொல்லல" என்றேன்.

ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும் இதைத்தான் போலீசில் சொல்வேன் என்றான். தடை செய்த சாமான், வேலை போகும், பிள்ளையும் என்னிடம் இருக்காது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அவன் நடக்க இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று டாக்டரிடம் கேட்டேன். தோல் வைத்துத் தைத்தபிறகு ஒன்றரை மாதம் என்றார். டாக்டர் நான் கவலைப்படுவதாக நினைத்துக்கொண்டார்.

ஜூலை 17, வியாழன்

ஷமீம் பானுவோடு தென்காசி மகளிர் காவல் நிலையம் போனேன். அவன் போய்ச் சொல்லுமுன் நானே சொல்லிவிட்டேன், இ-சிகரெட்டிலிருந்து ஆரம்பித்து, ஜன்னலில் நின்றதை மட்டும் விட்டுவிட்டு. எஸ்.ஐ. அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். அடித்த தேதிகள் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். டைரியில் இருக்கிறது என்று வாயில் வந்துவிட்டது. நாளைக்குக் கொண்டுவரச் சொன்னார்.

வீட்டில் இதை விரித்து வைத்து உட்கார்ந்திருக்கிறேன். ஜூன் 16 இருக்கிறது, ஜூலை 3 இருக்கிறது. ஜூலை 10 முதல் 13 வரை வெறும் ஒட்டிய தாள்கள். உரித்து எடுத்தால் தடம்கூட இருக்காது. ஷமீம் உரிக்கத்தான் சொல்கிறாள். "ஒனக்கு ஒரு பிள்ள இருக்கு மலரு" என்கிறாள்.

ஒருத்தன் எரிவான் என்று தெரிந்து பார்த்துக்கொண்டு நின்றவள் நான். என்னை அடித்தவன் அவன். ஒன்றை மட்டும் கொடுத்தால் போதுமா? ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். பசை நன்றாகப் பிடித்திருக்கிறது.

ஜூலை 18

முழுசாகக் கொடுத்தேன்.

எஸ்.ஐ. அம்மா அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்தி இரண்டு முறை படித்தார். "இதக் கிழிச்சிட்டு வந்திருக்கலாமேம்மா" என்றார். "கிழிச்சா மத்ததும் பொய் மாதிரி ஆயிரும் மேடம்" என்றேன். உடைந்த இ-சிகரெட்டைப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுபோயிருந்தேன், அதையும் வாங்கி வைத்துக்கொண்டார். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நோட்டைத் திருப்பித் தந்தார். அந்தப் பக்கத்தைப் பற்றி மறுபடி கேட்பார்கள், அதற்குத் தயாராக இருங்கள் என்றார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இருபத்தைந்து நாள் எதுவும் இழுக்காமல் இருந்தேன். மண்டை பிளக்கிறது. நேற்று ஒரு சிகரெட் வாங்கிப் பாதி குடித்து மீதியைச் சாக்கடையில் போட்டேன். பண்பொழியில் மாடி வீடு பார்த்தாயிற்று. செங்கோட்டை லேபில் வேலை. ஜெனோ போனில் அழுதான், தான் வாங்கிக் கொடுத்ததால்தானே இதெல்லாம் என்று. அதுக்கு முன்னாடி ஏழு வருசம் அடி வாங்கினேன்லே, அது யாரு வாங்கிக் கொடுத்தது என்றேன். அவனுக்கு இதுவரை தெரியாது.

செப்டம்பர் 22

என்னை மூன்றாவது முறையாக விசாரித்தார்கள். அதே பக்கம், அதே ஜன்னல். அதே பதில்தான் சொன்னேன். என் மேல் என்ன எழுதுவார்கள் என்று இன்னும் தெரியவில்லை. அவன் மேல் வழக்குப் பதிவாகிவிட்டது. கம்பு ஊன்றி நடக்கிறானாம்.

நவம்பர் 12, புதன்

ஷாரோன் பள்ளியிலிருந்து டீச்சர் கூப்பிட்டார். கூடப் படிக்கும் மஞ்சு என்ற பிள்ளையைக் கீழே தள்ளி, வயிற்றில் மிதித்திருக்கிறாள். ஒரு ரப்பருக்காக.

வீட்டுக்கு வந்து ஏன் என்று கேட்டேன். "அவ எதுத்துப் பேசுனா" என்றாள். அந்த வார்த்தை யாருடையது என்று எனக்குத் தெரியும். கை தன்னால் மேலே போய்விட்டது. அவள் ஓடவில்லை. கண்ணை மூடி, தோளைக் குறுக்கி, அடிக்காக நின்றாள். எனக்கு அப்படி நிற்கத் தெரியும்.

கையை இறக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. இறக்கினேன். முகம் கழுவி வரச் சொன்னேன். இரண்டு பேருமாகக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் மஞ்சு வீட்டுக்கு நடந்தோம். அந்தப் பிள்ளையின் அம்மா கதவைத் திறந்தார். ஷாரோன் முதலில் தரையைப் பார்த்து, மன்னிச்சிரு என்று சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன், சொன்னாள். நானும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மஞ்சு தன் அம்மாவின் சேலைக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை.

போகும்போது ஷாரோன் என் கையைப் பிடிக்கவில்லை. வரும்போது பாதி வழியில் பிடித்தாள்.