மலர்விழியின் 22.4

செவ்வாய், ராத்திரி.

இன்னிக்கு கெமிஸ்ட்ரி பிராக்டிகல் டெஸ்ட். காரத்தைச் சமன் செய்ய எவ்வளவு ஆசிட் வேணும்னு அளக்கணும். பக்கத்துல நின்ன மலர்விழிக்கு மூணு தடவையும் 22.4 மில்லி வந்துச்சு. எனக்கு 23.6. டீச்சர் அந்தப் பக்கம் திரும்பினதும் அவ என் தாளை எட்டிப் பார்த்தா. "உனக்கு எப்பவும் சரியா வரும் லா"ன்னு முணுமுணுத்து, தன்னோடதை அடிச்சிட்டு என்னோடதை எழுதினா. இதுலயும் ஃபெயிலானா அவளைக் கெமிஸ்ட்ரியையே விடச் சொல்லிடுவாங்க.

சாமானைக் கழுவும்போதுதான் எனக்கு உறைச்சுது. காரத்தை அளந்து எடுக்குற பிப்பெட்டைக் காரத்தால கழுவின கையோட, குடுவையையும் தண்ணிக்குப் பதிலா காரத்தாலயே கழுவியிருக்கேன். உள்ள ஒட்டியிருந்த காரத்துக்கும் சேர்த்து ஆசிட் கூடப் போயிருக்கு. அவளோடதுதான் சரி.

பொங்கோல் வரைக்கும் பஸ்ஸில பக்கத்துலதான் உக்காந்திருந்தா. இறங்கினதும் எனக்கு பபிள் டீ வாங்கிக் குடுத்து, "தேங்க்ஸ்"ன்னா.

ஃப்ரிட்ஜ்ல அப்படியே இருக்கு.