அம்மாவின் போன் தேடிய பெயர்

வல்லத்திராக்கோட்டை,
புரட்டாசி 11, சனிக்கிழமை.

அன்பு மகள் இளமதிக்கு அப்பா எழுதுவது.

வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தக்கபடி உடுத்திக்கொண்டு நீ வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்புகிறேன். நர்ஸ் படிப்புக்கு நீ சென்னை போன நாள் முதல் உனக்கு எழுதிய எல்லாக் கடிதங்களிலும் இரண்டாவது வரி ‘இங்கு அனைவரும் நலம்’ என்றுதான் இருக்கும். இந்த முறை அதை விட்டுவிட்டேன். அனைவரும் என்று எழுத வீட்டில் இரண்டு பேராவது இருக்க வேண்டும்.

சித்திரைக் கடைசியில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நினைவிருக்கிறதா? “அப்பா, அம்மாவோட தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனா ரெண்டு நாளைக்கு ஒங்கள பிடிக்கவே முடியல. பயணத்துல நெட்டுக்குன்னே கையடக்கமா ரவுட்டர் விக்கிறாங்க. பாத்து ஒண்ணு வாங்கிருங்க. எது வாங்கப் போறீங்க?” என்றாய். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இன்றுதான் சொல்கிறேன். நேரம் முடிந்தபின் விடைத்தாள் கொண்டுவந்த எத்தனையோ பேரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீ என்னை அப்படி அனுப்பிவிடாதே.

அன்னவாசல் அன்புமொழி விடுமுறை முடிந்து புதன்கிழமை நீ இருக்கும் டப்ளினுக்குத் திரும்புகிறாள். அவள் கையில் இந்தக் கடிதத்தையும், அம்மாவின் பழைய டிபன் டப்பாவையும் கொடுத்தனுப்புகிறேன். டப்பாவில் தின்பண்டம் இல்லை. கடிதத்தைப் படித்து முடித்த பிறகு திற.

நீ கேட்டபோது, ரவுட்டர் என்றால் நம் வீட்டுச் சுவரில் பச்சை விளக்கு எரிகிற பெட்டிதான் என்பதே எனக்குத் தெரியாது. அந்தப் பெட்டியைப் பொருத்த வந்தவர், “சார், வைஃபைக்கு என்ன பேரு வைக்கிறது?” என்று கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து உன் அம்மா குரல் வந்தது: “எம் மக பேர வைங்க. அவகூட பேசத்தான இந்தக் கெரகமெல்லாம்.” அன்றிலிருந்து நம் வீட்டு இணைப்பின் பெயர் இளமதி. என்னிடம் இருப்பது பட்டன் போன். அம்மாவின் போனிலும் நெட்டுக்கு ரீசார்ஜ் கிடையாது. வீட்டில் இளமதி இருக்கும்போது அது எதற்கு என்பாள்.

பயண ரவுட்டரைப் பற்றி நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிப் படித்தேன். ஆறாம் வகுப்புக்குச் சொல்வதுபோல எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊர்ப் பொதுக்குழாய் என்பது லாட்ஜிலும் ஆஸ்பத்திரியிலும் கொடுக்கும் வைஃபை. யார் வேண்டுமானாலும் வந்து பிடிக்கலாம், யார் கை பட்டதென்று தெரியாது. பயண ரவுட்டர் என்பது அந்தக் குழாயடியில் நாம் வைக்கும் மூடிபோட்ட குடம். தண்ணீர் அதே தண்ணீர்தான், நம் வீட்டார் மட்டும் மொண்டுகொள்ளலாம். இன்னொரு வகை உண்டு. அதற்குள்ளேயே சிம் போட்டுக்கொள்ளலாம், சொந்தக் கிணறு மாதிரி. பேருந்தில் பிளக் இருக்காது, ஆகவே பேட்டரி வேண்டும். அம்மாவின் பைக்குள் மாத்திரை, ஃபைல், பிளாஸ்க் போக மிச்சமிருக்கும் இடத்தில் அடங்க வேண்டும். இப்படிக் கோடு போட்டு, நான்கு ரவுட்டர்களுக்கு மதிப்பெண் போட்டேன். பிறகு ஐந்தாவதாக ஒன்று கண்ணில் பட்டது. முதலிலிருந்து மறுபடி போட்டேன்.

உன் அம்மா நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “வாத்தியாரே, என்னய பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இம்புட்டு யோசிக்கலையே” என்றாள். நானும் சிரித்தேன். கேள்வியை இரண்டு முறை படி, அவசரப்படாமல் எழுது என்று முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளுக்குச் சொன்னவன். அவளுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது மதி. தெரிந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டிருப்பேன்.

வைகாசியில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஆபரேஷன் தேதி குறித்தார்கள். உன் பாஸ்போர்ட், அங்கே தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போய், திரும்பி வராமல் கிடந்தது. வர முடியாது என்று நீ அழுதாய். அம்மா போனைப் பிடுங்கி, “நீ ஊருல உள்ள அம்மாவுக்கெல்லாம் கட்டுப் போடு. எனக்குக் கட்டுப் போட இங்கிட்டு நர்ஸுக இருக்காக” என்று சொல்லி அணைத்துவிட்டாள். அதன்பிறகு நீயும் அவளைக் கூப்பிடவில்லை. என் பட்டன் போனுக்குத்தான் பேசினாய். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் பரீட்சைக் கூடத்து மேற்பார்வையாளன் மாதிரி வாயை மூடிக்கொண்டு நின்றேன். அது தவறு. பேசியிருக்க வேண்டும்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஒவ்வொரு முறை தஞ்சாவூர் போனபோதும், கட்டிலில் உட்கார்ந்ததும் அவள் முதலில் செய்வது போனைத் திறந்து வைஃபை பெயர்களைப் பார்ப்பதுதான். பத்துப் பன்னிரண்டு பெயர்கள் வரும். கடைசிவரை தள்ளிப் பார்த்துவிட்டு, “இங்கிட்டு இளமதி இல்ல” என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்லிச் சிரிப்பாள். சண்டைக்குப் பிறகும் பார்த்தாள். வாய்விட்டுச் சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

ஆடி பதினைந்தாம் தேதி காலை, ஆபரேஷனுக்குப் பிறகும் அவள் உடம்பு தேறாமல் மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதுதான் அம்மாவின் போனில் ரவுட்டருக்கு ஆர்டர் போட்டேன். வந்ததும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவதாகப் பக்கத்து வீட்டு அமுதவல்லி சொல்லியிருந்தாள். கந்தர்வக்கோட்டை தாண்டும்வரை அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

இந்த முறை கீழ்த்தளத்து வார்டு. சிக்னல் கிடையாது. ஆஸ்பத்திரி வைஃபை, போனுக்கு ஓடிபி அனுப்புகிறேன் என்றது. ஓடிபி வருவதற்குச் சிக்னல் வேண்டும். ஐந்தாம் நாள் சாயந்திரம் அவள் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, “நீங்க செத்த வெளிய போயி நில்லுங்க. வாத்தியார் முன்னாடி எனக்குப் பேச வராது” என்றாள். போய் நின்றேன். கதவு வழியாகப் பேச்சு புரியவில்லை. நடுவில் ஒரு முறை சிரித்தாள். அது தெளிவாகக் கேட்டது.

திரும்பி வந்தபோது வாட்ஸ்அப்பில் உன் பெயருக்குக் கீழே இரண்டு குரல் செய்திகள் இருந்தன. ஒன்று நான்கு நிமிடம், ஒன்று ஏழு வினாடி. இரண்டிலும் கடிகாரக் குறி நின்றது. அனுப்ப வழியில்லை, காத்திருக்கிறது என்று அர்த்தம்.

வெளியே கறம்பக்குடி எழிலரசன் இருந்தார். தன் அண்ணனுக்குத் துணையாக வந்தவர். அவருடைய போனுக்குப் படிக்கட்டு ஓரத்தில் சிக்னல் கிடைக்கும். “சார், இங்க கொண்டாங்க, ஹாட்ஸ்பாட் போட்டு விடுறேன். ஒரு நிமிசத்துல போயிரும்” என்றார். நான் வேண்டாம் என்றேன். ஏன் தெரியுமா? ‘பிறர் இணைப்பில் சொந்த விஷயங்களை அனுப்பாதே’ என்று என் நோட்டில் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதி வைத்திருந்தேன். தாயும் மகளும் பேசுவது ஊர்க்குழாயில் போக வேண்டாம் என்று நினைத்தேன். நாளையோ மறுநாளோ ரவுட்டர் வந்துவிடும், கௌரவமாக அனுப்பலாம் என்றேன். அவர், “ஒங்க இஷ்டம் சார்” என்று போய்விட்டார்.

இப்போது எனக்கு எத்தனையோ வழிகள் தெரிகின்றன. அவர் கையில் கொடுத்திருக்கலாம். போனுக்கு ரீசார்ஜ் செய்து வாசலுக்குக் கொண்டுபோயிருக்கலாம். பரீட்சை முடிந்து வாசலுக்கு வந்ததும் எல்லா விடையும் ஞாபகம் வருமே, அப்படி வருகின்றன.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு ஒன்றைச் செய்தேன். அதை எழுதத்தான் இந்த இரண்டு மாதமும் ஆனது.

மறுநாள் காலையில் கண் விழித்ததும், “போயிருச்சா?” என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல முடியவில்லை. போனை என் பைக்குள் வைத்துக்கொண்டு, “போயிருச்சு” என்றேன். “கேட்டுட்டாளா?” என்றாள். “கேட்டுட்டா, நீலக் கோடு வந்துருச்சு” என்றேன். மத்தியானம், “ஒண்ணும் சொல்லலையா?” என்றாள். வேலையில் இருப்பாள் என்றேன். அடுத்த நாள் அதையே கேட்டாள். உனக்கு இரவு டூட்டி என்றேன். அப்புறம் கேட்கவில்லை. “சரி, விடுங்க. அவளுக்குக் கோவம் இருக்கும்ல. நான் பேசுன பேச்சுக்கு” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உன்னைப் பற்றி அவள் கடைசியாகச் சொன்னது அதுதான். அடுத்த நாள் விடியலில் போய்விட்டாள்.

மயானத்திலிருந்து நான் திரும்பி வந்தபோது, பாஸ்போர்ட் அப்போதும் கைக்கு வராத நீ கூப்பிட்டு, “அம்மா கடைசியா என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களாப்பா?” என்று கேட்டாய். “ஒண்ணும் சொல்லலம்மா” என்றேன். நீ மெதுவாகப் போனை வைத்தாய். என்ன சொல்வேன் மதி? நீ கேட்டும் பதில் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டு அவள் போனாள். அவள் பேசாமலே போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு நீ இருக்கிறாய். இரண்டுமே நடக்கவில்லை. நடுவில் நான் சொன்ன பொய்தான் நடந்தது.

அன்று பந்தல் பிரிக்கும் முன்பே கொரியர்காரர் பெட்டியோடு வந்து, ஓடிபி சொல்லுங்க என்றார். ஓடிபி அம்மாவின் போனுக்குப் போயிருக்கும். அதை ஆஸ்பத்திரியிலேயே நான் அணைத்துவிட்டேன். அவர் பந்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இருக்கட்டுங்கய்யா” என்று பெட்டியை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டு நெட் என்னாச்சு, முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லையே என்று கேட்டாய். ரிப்பேர் என்றேன். அதுவும் பொய். நான்தான் பிடுங்கி வைத்தேன். யாராவது தெரியாமல் அம்மாவின் போனைப் போட்டுவிட்டால், அது இளமதியைக் கண்டுபிடித்து அந்தச் செய்திகளைத் தானாக அனுப்பிவிடும். எங்கேயோ ஒரு நோயாளிக்கு ஊசி போட்டுக்கொண்டு நிற்கும்போது உன் போனில் அம்மா என்று பெயர் வந்தால் நீ என்ன ஆவாய்? அந்தப் பயத்தில் வீட்டை இருட்டாக்கிவிட்டேன்.

அவை உனக்கு வந்த கடிதங்கள். நான் திறந்து கேட்கவில்லை. கேட்கும் தைரியமும் இல்லை. சிரிப்புச் சத்தம் வந்தது என்று மட்டும் சாட்சி சொல்வேன். திட்டுகிறவள் நடுவில் சிரிக்க மாட்டாள்.

டப்பாவுக்குள் அம்மாவின் போனும் நான் தேர்ந்தெடுத்த ரவுட்டரும் இருக்கின்றன. நல்ல ரவுட்டர்தான், மதிப்பெண்ணில் குறை சொல்ல முடியாது. வீட்டு ரவுட்டருக்கு வைத்த அதே பெயரையும் கடவுச்சொல்லையும் இதற்கும் வைத்துவிட்டேன். இப்படி வைத்தால் வீட்டில் பழகிய போன் எந்த ஊரிலும் தானாக இணைந்துகொள்ளும் என்று நோட்டில் பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது. உன் அறை வைஃபையை அதற்கு ஒரு தடவை காட்டிவிட வேண்டும். எப்படி என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அம்மாவின் போனுக்குப் பூட்டு எதுவும் கிடையாது.

கோபம் வந்தால் என்மேல் காட்டு. எவ்வளவு நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, பொறுத்துக்கொள்வேன். அவள்மேல் மட்டும் காட்டாதே. உன் கை பட்டவர்கள் எல்லாரும் குணமாகி வீடு திரும்பட்டும். நீயும் ஒரு நாள் வா.

விடுமுறை நாளாகப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு, ரவுட்டரின் விளக்கு நிலையாக எரிந்ததும் அம்மாவின் போனைப் போடு. அது இளமதியைத் தேடும். இந்த முறை கிடைத்துவிடும். இரண்டையும் கேட்டு முடித்ததும், உன் போனில் மைக்கை அழுத்தி, அவளுக்கு ஒரு வார்த்தை பதில் பேசி அனுப்பு.

உன் அப்பா,
மு. திருப்பதி.