வடிகட்டி உலையில் இருந்த நாள்

நாள் 211, 09:40
இன்று சொல்லும்படி எதுவும் இல்லை. செவ்வாய்க் கோள், தெற்குத் தளம். எரிபொருள் தொட்டியில் மீத்தேன் 5 விழுக்காடு. வினைக்கலனில் உலோக ஹைட்ரைடுத் தூள் ஹைட்ரஜனைத் தனக்குள் இழுத்துக் கரியமில வாயுவுக்குக் கைமாற்றுகிறது, மீத்தேன் பிறக்கிறது. விளைச்சல் 94. கரி வடிகட்டியைக் கழற்றி உலையில் சுடவைத்திருக்கிறேன். மாதம் ஒரு முறை. அதைத் திரும்ப மாட்டும்வரை சமைக்கக் கூடாது. அறைக் காற்றும் வினைக்கலனுக்குப் போகும் அதே குழாயில்தான் சேர்கிறது.

நாள் 211, 16:05
மிக்கேல் அண்ணன் பழைய இறங்குகலத்திலிருந்து மாற்றுத் தூள் டப்பாவோடு திரும்பிக்கொண்டிருக்கிறார். வானொலியில்:
"ஏட்டி செம்பகம், நாளைக்கு வந்துருவேன். ரசம் வச்சி வையி. பெருங்காயம் எம் பெட்டியில சாக்ஸுக்குள்ள இருக்கு. போன தடவ மாதிரி வெந்நீர் வச்சிராத."
வீம்புக்கு இன்றே ஒரு ஒத்திகை வைத்தேன். தாராளமாகப் போட்டேன்.

நாள் 212, 08:15
அண்ணனுடைய ஊர்தியின் அச்சு முறிந்துவிட்டது. இங்கிருந்து 310 கிலோமீட்டர். அவரிடம் மூன்று நாள் காற்று. தளத்தின் தாவுகலத்தில் பறந்துபோய் அழைத்துவர, தொட்டி 60 வேண்டும். இப்போது 21. இரண்டு நாளில் ஆகிவிடும் என்றேன்.
"ஒண்ணும் அவசரமில்ல. இங்க நல்ல காத்து."
சிரித்தேன்.
விளைச்சல் 71. ஏன்?

நாள் 212, 13:30
38. தூளின் மேல் கந்தகம் படிந்திருக்கிறது. ஹைட்ரஜன் நுழைய இடமில்லை. இந்தத் தளத்தில் கந்தகம் எங்கிருந்து

நாள் 212, 13:52
பெருங்காயம். வடிகட்டி உலையில் இருந்தது.
காலையில் விதியை எழுதியவள் நான். மாலையில் தாளித்தவளும்.

நாள் 213, 15:20
ஹைட்ரஜனைச் செலுத்திச் சுட்டுப் பார்த்தேன். தூள் கட்டிதட்டியது. விளைச்சல் 2. தொட்டி 27. போய்ச் சேரவே முப்பது வேண்டும்.
நல்ல தூள் இருக்கிறது. அவர் மடியில்.

நாள் 214, 11:00
"என்னட்டி, சத்தத்தயே காணும். எம்புட்டு ஆச்சி?"
ஐம்பத்தெட்டு என்றேன்.
"அப்ப நாளைக்கு வந்துருவ. ரசத்துல காயம் போட்டியா?"
போட்டேன் அண்ணா.
"அதான பாத்தேன். இங்க வர மணக்கு."

நாள் 215, 07:50
"பொறப்பட்டுட்டியாட்டி?" சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்குகிறார்.
புறப்பட்டுவிட்டேன் என்றேன்.
"சத்தமே கேக்கல."
உலையின் விசிறியைக் கழற்றி ஒலிவாங்கியின் பக்கத்தில் வைத்தேன். முழு வேகத்தில் ஓடவிட்டேன்.