விளையாட்டு வீரர் அல்லாதோர்

அக்கா,

எங்கள் மைதானத்தைப் பூட்டிவிட்டார்கள். சனசமூக நிலையத்தில் ஒரு கூட்டம்கூட வைக்காமல், ஒருவரிடமும் கேட்காமல் பூட்டிவிட்டார்கள். இன்று விடியற்காலை நடக்கப் போனபோதுதான் கண்டேன். இரும்புப் படலையில் உள்ளங்கையளவு புதுப் பூட்டு. உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்கக் கூடாதென்று தேங்காயெண்ணெய் பூசியிருக்கிறார்கள். தொட்ட விரலை மூக்கருகே கொண்டுபோனதும் நீங்கள் வந்துவிட்டீர்கள். யுத்தத்தின் பொருளாதாரத் தடைக்காலத்தில் உங்கள் சைக்கிள் சங்கிலி மணந்த அதே மணம்.

பக்கத்தில் ஒரு பலகை. "விளையாட்டு வீரர் தவிர்ந்த ஏனையோர் உட்பிரவேசிக்கத் தடை." வெளிநாட்டிலிருக்கும் ஊர்ப் பிள்ளைகள் அனுப்பிய காசில் புதுப் புல் பதித்திருக்கிறார்களாம். நாங்கள் நடந்தால் புல் பழுதாகிவிடுமாம். சலரோகத்துக்கு, இந்தச் சீனி வருத்தத்துக்கு, நடக்கச் சொல்கிறார் டொக்டர். றோட்டில் நடந்தால் மோட்டார் சைக்கிள்காரன் முட்டியில் உரசிக்கொண்டு போகிறான். எழுபதைக் கடந்தவள் எங்கே போய் நடப்பது?

நாங்கள் வீரர்களாகவா அக்கா அந்த நிலத்துக்குப் போனோம்?

பஸ்சும் பெற்றோலும் இல்லாத தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் மனுசன் காலில் சலரோகப் புண்ணோடு மானிப்பாய் ஆசுபத்திரியில் கிடந்தார். அவருடைய தம்பி சைக்கிளில் டபிள் ஏற்றிக்கொண்டு போனால்தான் நான் சாப்பாடு கொண்டுபோகலாம். அவருக்கு நேரமில்லாத நாட்களில் மனுசன் பாணும் தேத்தண்ணியுமாக இருப்பார். அப்படியொரு நாள் நீங்கள் குருநகரிலிருந்து மீன்பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு வந்து என் படலையில் இறங்கினீர்கள். உங்கள் கணவர் விட்டுப்போன பார் வைத்த சைக்கிளை, நீளச் சட்டையோடு, ஊர் என்ன சொன்னாலும் ஓட்டித் திரிந்தவர் நீங்கள்.

"என்ன பிள்ளை, இண்டைக்குச் சாப்பாடு போகேல்லையோ?"

"ஏத்திக்கொண்டு போக ஆளில்லை, அக்கா."

"ஆளென்னத்துக்கு? உமக்கு ரெண்டு கால் இருக்குத்தானே?"

"இந்த வயசிலை சைக்கிள் பழகிறதோ?"

"சைக்கிளுக்கு உம்மடை வயசு தெரியாது. பின்னேரம் கிறவுண்டுக்கு வாரும்."

உங்கள் மகளின் சைக்கிளைக் கொண்டுவந்தீர்கள். அதற்குப் பார் இல்லை. நான் விழுந்தேன்; எழும்பினேன்; திரும்பவும் விழுந்தேன். பின்னால் சீற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தபடி, "நிமிந்து பாரும்! நிலத்தைப் பாத்தால் நிலத்துக்குத்தான் போவீர்!" என்று கத்துவீர்கள். சனசமூக நிலைய வாசிகசாலை விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த ஆம்பிளைகளுக்கு நல்ல வேடிக்கை. நிலையத்தின் அப்போதைய செயலாளர் கேட்டார்:

"என்ன, சந்தையை இஞ்சை மாத்திப்போட்டியளோ?"

"ஓம் அண்ணை, வாங்கோ. உங்களையும் நிறுத்துப் பாப்பம்" என்றீர்கள் நீங்கள். பேப்பர் அவர் முகத்தை மூடிக்கொண்டது.

சைக்கிள் ஓடப் பழகிவிட்டேன். ஆனால் ஏறவும் இறங்கவும் கடைசிவரை சரியாக வரவில்லை. ஒரு கல்லோ மதகோ காலுக்குக் கிடைத்தால்தான் ஏறுவேன், அப்படித்தான் இறங்குவேன். ஆனைக்கோட்டையால் மானிப்பாய்க்குப் போகும் றோட்டில் எந்த மதகு என் காலுக்குச் சரி, எது உயரம் என்று எனக்கு மனப்பாடம். முதல்நாள் நீங்கள் கூட வந்தீர்கள். அடுத்த நாள் உங்களுக்கு வியாபாரம், தனியே போனேன். ஆசுபத்திரி வாசலில் கல்லும் இல்லை, மதகும் இல்லை. "பிடியுங்கோ, பிடியுங்கோ!" என்று கத்திக்கொண்டே உள்ளே போக, காவலாளி ஓடிவந்து ஹாண்டிலைப் பிடித்தார். பிறகு அது அவருடைய அன்றாட வேலையாகிவிட்டது. தூரத்தில் என்னைக் கண்டதும், "அம்மா வாறா, வழி விடுங்கோ, அவவுக்கு நிக்கத் தெரியாது!" என்பார்.

அன்று மனுசன் கேட்டார், "ஆரோடை வந்தனீர்?"

"தனியத்தான்."

அவர் நம்பவில்லை. திரும்பும்போது யன்னலால் பார்க்கச் சொன்னேன். காவலாளி பிடிக்க, நான் ஏறி, ஆடி ஆடிப் போனதைப் பார்த்தாராம். பக்கத்துக் கட்டில்காரரையெல்லாம் எழுப்பிக் காட்டினாராம்.

இதற்குள் மைதானத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். என்னைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பெட்டைகள் சைக்கிளோடு வந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த கிழவிகளை, "நிண்டுகொண்டு என்ன செய்யிறியள்? ஓரத்தாலை ஒருக்கால் சுத்திப்போட்டு வாங்கோவன்" என்று நீங்கள் கிளப்பிவிட்டீர்கள். நடுவில் பெடியள் பந்தடிப்பார்கள். அதைச் சுற்றிச் சைக்கிள். அதற்கும் வெளியே வேலியோரமாகக் கிழடுகள். ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கிட்டதில்லை. ஒரு பலகையும் தேவைப்படவில்லை.

செயலாளருக்கும் சலரோகம் என்று தெரியவந்தது. கடைகளில் மருந்துக் குளிசை இல்லாத காலம். ஒருநாள் வெட்கப்பட்டுக்கொண்டு வந்து நின்றார். நீங்கள் விட்டீர்களா?

"அண்ணை, நீங்கள் கிழவியளோடை போங்கோ. என்ரை நடைக்கு உங்களாலை ஏலாது."

ரோசத்தில் அந்த மனிதர் நடந்த நடை! அதன்பிறகு ஒரு பின்னேரமும் தவறவில்லை. புண் ஆறி வீடு வந்த என் மனுசனையும் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்தவர் அவர்தான்.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி ஊரே வெளிக்கிட்டபோது தென்மராட்சிவரை நடந்தோம். மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு நீங்கள் முன்னால் போனீர்கள். அதை நடை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று தெரியும்: வேலியோரம் சுற்றிய எங்கள் கிழவிகள் ஒருவரிடமும் தோள் கேட்கவில்லை.

பிறகு மகள் உங்களைக் கனடாவுக்கு எடுத்தாள். ரெலிபோனில் சொன்னீர்கள்: "இஞ்சை நடக்க வடிவா வழி போட்டிருக்கு, பிள்ளை. கதைச்சுக்கொண்டு நடக்கத்தான் ஆளில்லை." போன மாரியில் அந்தக் குரலும் நின்றுவிட்டது.

இன்று அந்தச் செயலாளரின் மகனிடம் போனேன். இப்போது செயலாளர் அவன்.

"அன்ரி, உங்கடை வயசிலை வீட்டிலை இருக்கிறதுதான் பாதுகாப்பு. விழுந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

"தம்பி, நான் அந்த நிலத்திலை விழுந்த அளவுக்கு உன்ரை வீரர் ஒருத்தரும் விழுந்திருக்க மாட்டினம். உன்ரை கொப்பரை நடக்கப்பண்ணினது ஆரெண்டு கொம்மாவைக் கேள்."

அவன் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், அக்கா. மிச்சமெல்லாம் அந்த வாசிகசாலைப் பேப்பரில் எழுத்துக்கூட்டிப் படித்ததுதான். ஆனாலும் எது நியாயம் என்று எழுத எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த மடலைப் பிரதி எடுத்து அவனுக்கும் கொடுக்கப்போகிறேன். ஆகவே நடக்க வேண்டியவற்றை எழுதிவிடுகிறேன்.

செயலாளர் விடியவும் பின்னேரமும் படலையைத் திறந்துவிட வேண்டும். புல்லுக்கு அவ்வளவு கவலையென்றால் நடுவில் கயிறு கட்டட்டும். வேலியோரம் எங்களுக்குப் போதும். காசு அனுப்பிய பிள்ளைகள், தங்கள் தாய்தகப்பனும் அங்கே நடக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நடவுங்கோ என்று மருந்துத் துண்டெழுதும் டொக்டர், எங்கே நடப்பது என்பதையும் நிர்வாகத்துக்கு எழுத வேண்டும். தாய்மார் பெட்டைகளை ரியூசனுக்கு அனுப்புமுன் ஒரு மணித்தியாலம் மைதானத்துக்கு அனுப்ப வேண்டும். வீட்டுக்குள் அடைபட்ட கிழடுகள், பிள்ளைகளின் உத்தரவுக்குக் காத்திராமல் செருப்பைப் போட்டுக்கொண்டு வர வேண்டும்.

நான் நாளை விடியப் படலையடிக்குப் போக வேண்டும். நீங்கள் என் கால்களில் வைத்துவிட்டுப் போன பிடிவாதம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. திறந்திருந்தால் உள்ளே நடப்பேன். பூட்டியிருந்தால் வேலிக்கு வெளியே, அவர்கள் எல்லோரும் பார்க்க, திறக்கும்வரை சுற்றுவேன்.