காலி என்று எழுதிய பள்ளம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பதாக நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போனில் உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன், அதனால்தான் கடிதம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை.

விஷயம் நம் வீட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளம். எங்கே வீடு வரலாம், எங்கே கடை வரலாம் என்று வண்ணம் தீட்டிய புது வரைபடத்தை நகராட்சிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பள்ளத்துக்கு, வீடு வரலாம் என்று காட்டும் மஞ்சளைப் பூசி, 'காலி நிலம்' என்று எழுதியிருக்கிறது. நீ பேசிவைத்த மனை அதில்தான். நீ திரும்பி வந்து எங்கள் பக்கத்திலேயே கட்டப் போகிறாய் என்ற ஆசையில் டேப்போடு அளக்கப் போனேன். முந்தின நாள் மழை. உன் கூடம் வர வேண்டிய இடத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றேன். அது ஓடிப்போக வாய்க்கால் கிடையாது, இரண்டு மூன்று நாளில் மண்ணுக்குள்ளேயே இறங்கிவிட்டது. அந்த வாரமே நம் கிணற்றிலும் எதிர்வீட்டு டெய்லர் கிணற்றிலும் தண்ணீர் ஏறியது. நான் தப்பாகப் புரிந்துகொள்கிறேனோ என்று அடுத்த மழைக்கும் பார்த்தேன், அப்படியேதான். பள்ளத்தை மூடினால் இந்தத் தெருக் கிணறுகள் வற்றிவிடும்.

திட்ட அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். மரியாதையாகத்தான், "அங்க என்ன சார் இருக்கு, ஒண்ணுமே இல்லியே" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். "நீங்க தெனம் குளிக்கிறது அவர் வீட்டுத் தண்ணியா, கேக்க வேண்டியதுதானே" என்று அம்மா பிடித்துக்கொண்டாள். உடனே அவளே, "அதுக்காக மக வர்ற வழிய அடைச்சிடாதீங்க" என்கிறாள். இரண்டும் சரியாகப் படுவதால் கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன், இந்தக் கடிதத்தைக்கூட மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாளை ஆட்சேபணை சொல்லக் கடைசி நாள். 'காலி' என்பதை அடித்து 'தண்ணீர் இறங்கும் இடம், கட்டக் கூடாது' என்று போடச் சொல்லப் போகிறேன். அதோடு உன் மனையும் போய்விடும். உன்னைக் கேட்டால் உன் பதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன் என்றுதான் கேட்கவில்லை. கோபித்துக்கொள், வருவதை மட்டும் நிறுத்தாதே. கிணற்றுப் பக்கத்து அறையை அளந்துவிட்டேன், கட்டில் போட்டாலும் தொட்டிலுக்கு இடம் இருக்கிறது.

மூவரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். மனைக்காரர் எதை அனுப்பினாலும் கையெழுத்துப் போடாதே. நாளை அம்மாவும் கூட வருகிறாளாம், என் குரல் வராவிட்டால் பேசுவதற்கு.

உன்
அப்பா