வரிசையாய் ஒட்டிய சீட்டுகள்

மாசி, புதன். வெயில் இப்போதே கடுமை.
வீட்டில்: நான், அவர், மருமகள் நித்யா. மகன் சரவணன் ஓசூரில், சனிக்கிழமைதான் வருவான்.
நாளை கிருத்திகை. ஒட்டடை, சுவர், பூஜை அறை முடிந்தது. பூ வாங்கணும்.
கூடத்துச் சுவரில் நித்யா வரைந்த படம். கோழிப்பண்ணைக்காரர்கள் கால்நடை டாக்டரைக் கூப்பிட அவள் ஆபீஸில் ஒரு ஃபோன் ஆப் செய்கிறார்களாம். கட்டம், அம்பு, கட்டம்: பண்ணைக்காரர் அழுத்துகிறார், டாக்டருக்குச் செய்தி, டாக்டர் கிளம்புகிறார். ஆப் என்னென்ன செய்ய வேண்டும் என்ற வாக்கியங்கள் தனித் தாளில், எண் போட்டு. அந்த எண் எழுதிய மஞ்சள் சீட்டு உரிய கட்டத்தின் மேல். 7க்குப் பக்கத்தில் 2, ஒரே கட்டத்தின் மேல் இரண்டு சீட்டு. பொறுக்கவில்லை. துடைத்த கையோடு எல்லாவற்றையும் எடுத்து, ஒன்றிலிருந்து வரிசையாக ஒட்டினேன். லட்சணமாக இருந்தது.

வியாழன். விரதம்.
நித்யா காபியோடு சுவர் முன் நின்றாள்.
"அத்தை, சீட்டை யாருங்க மாத்துனது?"
"நாந்தான் சாமி. வரிசை தப்பிக் கெடந்துது."
முகம் வெளுத்துவிட்டது. ஃபோட்டோ எடுக்கவில்லையாம். நாளை சாயங்காலம் படத்தை ஆபீஸுக்கு அனுப்பியாக வேண்டுமாம்.
அவர் பேப்பருக்குள்ளிருந்து: "எம்பட மாத்திரையவே உசர வரிசையில அடுக்கி வெக்கறவ சாமி. எது காலைக்கு, எது ராத்திரிக்குன்னு எனக்கே தெரியாது."
சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு கோபச் சொல் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

மதியம். "பக்கத்துல உக்காருங்க அத்தை." வாக்கியத்தை நான் படிக்க, அவள் கட்டம் தேடி ஒட்ட. கடைசியில் 14 மட்டும் என் கையில். 'டாக்டர் வர முடியாவிட்டால் பண்ணைக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும்.'
"கட்டத்தையும் தொலைச்சுட்டனா சாமி?"
"இல்லீங்க. நான் வரையவே இல்ல. டாக்டர் கெளம்பற கட்டத்து மேலயே இதையும் ஒட்டியிருந்தேன்."
புதுக் கட்டம் வரைந்தாள். அதிலிருந்து அம்பு எங்கே போகும்? தாளில் இல்லை.
"நீங்க கலைக்கலைன்னா இது தெரிஞ்சே இருக்காதுங்க அத்தை. ஆனா அடுத்த கிருத்திகைக்கு இந்தச் செவுத்துப் பக்கம் வராதீங்க."
இதுதான் முதல் அதட்டல். மனசு நிறைந்துவிட்டது.

வெள்ளி. புழுக்கம். பால் திரிந்தது.
காலையிலேயே கேட்டு எழுதிவிட்டாள்: டாக்டர் வராவிட்டால் ஆப்பே இன்னொருவரைக் கூப்பிடுமா, பண்ணைக்காரர் தேடணுமா? ஆப்பைச் செய்யச் சொன்ன பண்ணைக்காரர்கள் சங்கத்தார்தான் சொல்ல வேண்டும். மணி மூன்று. பதில் இல்லை. எலுமிச்சை சாதம் மூடியபடி.
"ஒரு வாய் தின்னு சாமி."
"பதில் வரட்டுங்க அத்தை."
முருகா, நோய்க் கோழிகளை வைத்துக்கொண்டு டாக்டருக்குக் காத்திருப்பவர் நிலைமையும் இதுதானே. பிள்ளை சாப்பிடவில்லை. சீக்கிரம் பதில் வரச் செய்.