மூன்றாவது கோரிக்கை

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகள் தனுஷியாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், என்னுடைய முழங்கால் நோவும் அவருடைய சீனி வருத்தமும் எங்களைவிடச் சுகம். நீயும் மருமகனும் ஒரு குறையுமில்லாமல் இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். ஒவ்வொரு நாளும் வீடியோவில் கதைக்கிற அம்மா என்னத்துக்குக் கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வெட்கமாயிருக்கிறது, அதுதான் காரணம். பக்கத்து வீட்டு ரஜனி மெல்பேணுக்கு மகளிடம் வருகிறாள், அவளுடைய பெட்டியில் தட்டை வடையோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். முதலில் கடிதத்தை வாசி, வடை பிறகு. போன கிழமை ஒரு ரேடியோக்காரனின் கேடுகெட்ட பேச்சும் அதற்கு ஒரு மனுசி சிரித்த சிரிப்பும் உன் போனுக்கும் வந்திருக்கும். அந்த மனுசி நான்தான்.

செவ்வாய்க்கிழமை உன் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லிப் பாட்டுக் கேட்க, வழக்கம்போல அந்தக் காலை நிகழ்ச்சிக்குப் போன் எடுத்தேன். எனக்கு முன்னால் தேயிலை மலைப்பக்கம் ஹற்றனிலிருந்து ஒரு ஐயா கதைத்துக்கொண்டிருந்தார், பாவம், லைன் விட்டுவிட்டு வந்து கடைசியில் அறுந்துபோனது. உடனே நிகழ்ச்சி நடத்துகிற சுகிர்தன், தோட்டக்காட்டுச் சனத்துக்குக் கொழுந்து கிள்ளத்தான் தெரியும், போன் பிடிக்க எங்கை தெரியப்போகுது என்றான். அடுத்த லைனில் காத்திருந்த என்னையும் அதற்குள் நிகழ்ச்சிக்குள் எடுத்திருந்தார்கள், நான் சிரித்தேன். இலேசான சிரிப்பில்லை பிள்ளை, நீயும் நானும் குசினிக்குள் அப்பாவைப் பற்றிக் கதைக்கும்போது மூச்சு உள்ளே போய்க் கீச்சென்று திரும்பி வருமே, அந்தச் சிரிப்பு. பார்த்தீங்களோ, அம்மாவும் ஓமெண்டுறா என்று அவன் வேறு சொன்னான். பிறகு உன் பேரைச் சொல்லி வாழ்த்தினேன், பாட்டும் போட்டார்கள். அப்பா அந்த நேரம் கிளினிக்கில், சனம் போனில் அனுப்பின துண்டும் என் சிரிப்போடு முடிந்துவிட்டது. கேட்டனான் அம்மா, நல்லா இருந்தது என்று நீ பின்னேரம் சொன்னாய். கேட்டிருந்தால் இதையும் கேட்டிருப்பாய், சரி, அதை விடு.

அன்று பொழுதுபடுவதற்குள் கொழும்பே கொதித்தது, கொதிக்கத்தானே வேணும். கொட்டாஞ்சேனையில் சனம் கண்டனம் எழுதின மட்டை பிடித்துக்கொண்டு றோட்டில் நின்றது, எங்கள் சந்திச் சலூன்காரர் அந்த வானொலியை நிற்பாட்டிவிட்டுச் சிங்களத்தில் கிரிக்கெட் போட்டார், கோயிலில் ஐயர்கூட அர்ச்சனைக்கு நடுவில் கேட்டீங்களோ என்று கேட்டார். அவனுடைய பேச்சுப் போன இடமெல்லாம் என் சிரிப்பும் கூடவே போனது. மீன் வாங்கப் போனால் மஜீட் நானா, இந்தச் சிரிப்பு எங்கயோ கேட்ட சிரிப்பா ஈக்கிதே என்று என் முகத்தை உற்றுப் பார்த்தார். அறக்குளா வாங்கப் போன நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு முன்னால் கிடந்த சூடை மீனைக் கைகாட்டி வாங்கி வந்துவிட்டேன்.

உன் அப்பாவின் கதை வேறு. எங்கள் தொடர்மாடிச் சங்கத்துக்கு அவர் தலைவரல்லவா, பென்சன் எடுத்து ஆறு வருஷமாகக் கோபமாக ஒரு கடிதம் எழுத அவருக்குச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. இரண்டு நாள் மேசையை விட்டு எழும்பாமல் கண்டன மகஜர் எழுதினார். முதலாவது கோரிக்கை, அறிவிப்பாளரை நீக்க வேண்டும். இரண்டாவது, நிலையம் ஏழு நாட்களுக்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும். மூன்றாவது, மேற்படி துவேசக் கூற்றுக்குச் சிரித்து ஊக்கமளித்த அம்மணி எவராயினும் பகிரங்க மன்னிப்புக் கோர வேண்டும். எனக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டினார். மூன்றாவதை வெட்டினால் என்ன, அந்த மனுசி சரியாகக் கேட்காமல் சிரித்திருக்கும் என்றேன். உனக்கு விளங்காது ஜெகதி, அவளும் கூட்டுத்தான், அப்பிடிச் சிரிக்கிறவள் எந்த வீட்டிலை இருக்கிறாளோ, அவளின்ரை புருசன்தான் பாவம் என்றார். முப்பத்தைந்து வருஷம் கூட இருந்த மனுசனுக்குப் பெண்சாதியின் சிரிப்புத் தெரியவில்லை. எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. பேனாவை வாங்கி அவருடையதுக்குக் கீழே கையெழுத்து வைத்தேன், இரண்டாவது கையெழுத்து என்னுடையது.

அவருக்குத் தெரியாவிட்டாலும் மூன்றாம் மாடி நாகமணிக்குக் கேட்ட உடனேயே தெரிந்திருக்கும், ஏனென்றால் உன்னை விட்டால் என்னை அப்படிச் சிரிக்க வைக்கிறதே அவள்தான். பம்பலப்பிட்டியில் வங்கியில் வேலை செய்கிறாளே, அவளும் நானும் எட்டு வருஷமாக விடிய ஐந்தரைக்கு மரைன் டிரைவில் நடக்கிறோம். தண்ணீர்த் தாங்கியைப் பற்றி அப்பா சங்கக் கூட்டத்தில் பேசுகிற மாதிரி அவள் பேசிக் காட்டினால் நான் நடக்க மாட்டாமல் கடற்கரைச் சுவரில் குந்திவிடுவேன். அவள் பிறந்தது பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில், அவளுடைய அம்மா முப்பது வருஷம் கொழுந்து எடுத்து அவளைப் படிப்பித்தவ. இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்துதான் சிரித்தேன். புதன்கிழமை அவள் நடக்க வரவில்லை, வியாழனும் வரவில்லை, தலையிடி என்று போனில் ஒரு சொல் அனுப்பினாள். வெள்ளிக்கிழமை அப்பா மகஜரை என் கையில் தந்து, நாகமணியின்ரை கையெழுத்துத்தான் முக்கியம், நீ போய் வாங்கிக்கொண்டு வா என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். அவள் கதவடியில் நின்றபடியே முழுவதையும் வாசித்தாள். ஐயா நல்லா எழுதியிருக்காருக்கா, மூணாவது ரொம்ப நல்லா இருக்கு என்று சொல்லிக் கையெழுத்து வைத்தாள். நான் தொண்டையைச் செருமினேன். அப்போதுதான் சொன்னாள், அவன் பேசினது எனக்குப் புதுசு இல்லக்கா, சின்ன வயசுல இருந்து கேட்டதுதான், நீங்க சிரிச்சதுதான் புதுசு என்று. கதவை அடித்துச் சாத்தியிருந்தாலும் பரவாயில்லை, மெதுவாகச் சாத்தினாள்.

லிப்ட் வேண்டாமென்று படியால் ஏறினேன். போன வருஷம் உன் ஒபிசில் ஒருத்தன் நீ கதைக்கிற இங்கிலீசை நடித்துக் காட்டினான் என்று அழுதாயே. மற்ற ஆக்கள் என்ன செய்தவை என்று கேட்டேன், சிரிச்சவை அம்மா என்றாய். நடித்தவனை விட்டுவிட்டுச் சிரித்தவர்களைத்தான் அன்று நான் மண்ணை வாரித் தூற்றினேன். சரியாகக் கேட்காமல் சிரித்திருக்கும் என்று அப்பாவுக்குச் சொன்னது பொய் பிள்ளை. நாங்கள் சின்னனிலேயே தோட்டத்துச் சனத்தைப் பற்றின அந்தக் கதைகளைக் கேட்டுச் சிரித்துப் பழகியவர்கள், நாகமணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் நான் அதை ஒருநாள் யோசித்துப் பார்த்ததில்லை. ஐந்தாம் மாடிக்கு வரும்போது முழங்கால் நொந்தது, நோகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேற்றுக் காலை வானொலிக்குப் போன் எடுத்தேன். சுகிர்தனை நிற்பாட்டிவிட்டார்கள், இப்போது ரதி என்று ஒரு புதுப் பிள்ளை. நான் வாயைத் திறக்க முதலே அங்கே போனுக்கு வந்தவர், அம்மா நடந்ததுக்கு நாங்கள் மனம் வருந்துறம் என்றார். இல்லை, நான்தான் மன்னிப்புக் கேக்க வேணும் என்றால், ஐயோ நீங்கள் ஏனம்மா கேக்கிறீங்கள், பிழை எங்களிலை என்கிறார். மூன்றுதரம் எடுத்தேன், மூன்றுதரமும் அவர்களே மன்னிப்புக் கேட்டு போனையும் வைத்துவிட்டார்கள். நாலாந்தரம் ஒரு பிறந்தநாள் வாழ்த்து என்றேன். உடனே உள்ளே விட்டார்கள். ஆருக்கம்மா வாழ்த்து என்று ரதி கேட்டாள். நாகமணிக்கு என்று சொல்லிவிட்டு ஒரே மூச்சில், நான் வெள்ளவத்தை ஜெகதீஸ்வரி கனகசபாபதி, செவ்வாய்க்கிழமை சிரிச்சது நான்தான், விளங்கித்தான் சிரிச்சனான், ஹற்றன் ஐயா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, நாகமணி, நீரும் மன்னிச்சுக்கொள்ளும் என்றேன். ரதி திகைத்துப்போய், நாகமணிக்கு எத்தினை வயசு அம்மா என்று கேட்டாள்.

அப்பா பல்கனியில் சின்ன ரேடியோவோடு இருந்தார், நிலையம் ஒவ்வொரு நாளும் வருத்தம் தெரிவிக்கிறதா என்று கொப்பியில் குறிக்கிற வேலை. எழும்பி வந்து குசினி வாசலில் நின்று என்னையும் ரேடியோவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, மூண்டாவது கோரிக்கை நிறைவேறீட்டுது என்று சொல்லிக் கொப்பியில் சரி போட்டார். பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போதுதான், ஏன் ஜெகதி, எனக்கு முன்னாலை ஒருநாளும் நீ அப்பிடிச் சிரிக்கேல்லையே என்று கேட்டார். நீங்கள் பகிடி விட்டால்தானே என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு பகிடி சொன்னார், அதுவும் தண்ணீர்த் தாங்கியைப் பற்றி. என்னால் முடிந்தளவு சிரித்தேன்.

இன்று விடிய லிப்ட் மூன்றாம் மாடியில் நின்றது. நாகமணி சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றாள். எனக்குப் பொறந்தநாள் கார்த்திகையிலக்கா என்றாள். போகும்போது அவள் இரண்டடி முன்னால் நடந்தாள். திரும்பி வரும்போது அப்பாவின் குரலில், மேற்படி அம்மணி சற்று வேகமாக நடக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார் என்றாள். சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. என்ன சொன்னாள், ஆரைச் சொன்னாள் என்று ஒருதரம் யோசித்து, என்னைத்தான் என்று விளங்கின பிறகுதான் சிரித்தேன். லேட்டாச் சிரிக்கிறீங்கக்கா என்றாள். ஓம், இனி அப்பிடித்தான் என்றேன். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன், வழக்கமாக என் கையைப் பிடித்து றோட்டுக் கடக்க வைக்கிறவள் இன்று பிடிக்கவில்லை. நாளைக்கும் ஐந்தரைக்குப் போவேன்.

வடையைப் போத்தலில் இறுக்கி மூடி வை, குளித்த ஈரத்தலையோடு குளிருக்குள் வெளியே போகாதே. உன் ஒபிசில் இனியும் எவனாவது அப்படி நடித்தால் அவனோடு மினக்கெடாதே, சிரிக்கிற ஒருத்தியைக் கூப்பிட்டு ஏன் சிரித்தாய் என்று அமைதியாகக் கேள். அவளிடம் பதில் இருக்காது. என்னிடமும் இருக்கவில்லை. நீங்கள் இரண்டுபேரும் நோய்நொடியில்லாமல், ஒருவர் சிரிப்பு ஒருவருக்குத் தெரிய, நெடுங்காலம் வாழவேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். மறக்க முதல், அப்பா எனக்குத் தெரியாமல் உன்னிடம் கேட்கச் சொல்லி ரஜனியிடம் சொல்லிவிட்டிருக்கிறார், அவள் என்னிடம் சொல்லிவிட்டாள்: நல்ல பகிடி நாலைந்து இருந்தால் அவருடைய போனுக்கு அனுப்பிவிடு.

மேற்படி அம்மணி,
உன் அம்மா
ஜெகதீஸ்வரி